ஆயில் ஃபில்டர் அசையவே மாட்டேன் என்கிறது, கையும் நுழையவில்லை. வழி சொல்லுங்கள்

புதுச்சாவி

எல்லோருக்கும் வணக்கம். காருக்கு நானே ஆயில் மாற்றலாம் என்று இறங்கினேன். ஃபில்டரிலேயே வேலை நின்றுவிட்டது. டப்பா மாதிரி இருக்கும் திருகு வகை ஃபில்டர். இன்ஜினின் பின்பக்கம், பிளாக்குக்கும் கேபின் தடுப்புத் தகட்டுக்கும் நடுவில் இருக்கிறது. மேலிருந்து எட்டிப் பார்த்தால் இன்டேக் குழாய்கள் மறைக்கின்றன. கீழிருந்து கை விட்டால் முழங்கையோடு நின்றுவிடுகிறது, பக்கத்திலேயே எக்ஸாஸ்ட் பைப் வேறு. விரல் நுனி டப்பாவைத் தொடுகிறது, ஆனால் கண்ணால் பார்க்க முடியவில்லை.

போன முறை வெளியில் கொடுத்து மாற்றியது. யார் மாட்டினார்களோ, உயிரைக் கொடுத்து முறுக்கியிருக்கிறார்கள். டப்பா முனையில் தொப்பி மாதிரி மாட்டும் கப் ரென்ச் போட்டால் வழுக்கிக்கொண்டு சுற்றுகிறது. பெல்ட் ரென்ச் மாட்ட முடிகிறது, கைப்பிடியை ஆட்டத்தான் இடமில்லை. டப்பாவின் முனை லேசாக நசுங்கவும் ஆரம்பித்துவிட்டது. அடுத்து என்ன செய்யலாம்?

ஸ்க்ரூராஜா

பெரிய ஸ்க்ரூ டிரைவரை எடுத்து டப்பாவின் குறுக்கே அடித்து இறக்குங்கள். மறுபக்கம் வெளியே வந்ததும் அதையே கைப்பிடியாக வைத்துத் திருப்புங்கள். இரண்டு நிமிட வேலை. இதற்கெல்லாம் ஒரு இழையா?

பழைய ராட்செட்

புதுச்சாவி, இப்போதைக்கு அந்தப் பக்கமே போகாதீர்கள். முதலில் ஒன்று சொல்லுங்கள்: ஆயிலை வடித்துவிட்டீர்களா?

புதுச்சாவி

இல்லை, டிரெய்ன் பிளக்கில் இன்னும் கையே வைக்கவில்லை. ஏன் கேட்கிறீர்கள்?

பழைய ராட்செட்

அப்படியென்றால் நீங்கள் இன்னும் மாட்டிக்கொள்ளவில்லை. இன்று முடியவில்லை என்றால் எல்லாவற்றையும் மூடிவிட்டு வண்டியை ஓட்டிக்கொண்டே போகலாம், இன்னொரு நாள் பார்க்கலாம், யாரிடமாவது கொண்டுபோகவும் செய்யலாம். ஆயிலை வடித்த பிறகு ஃபில்டர் வரவில்லை என்றால்கூட புது ஆயில் ஊற்றி ஓட்டிப் போக முடியும், ஆனால் அந்த ஆயில் பழைய ஃபில்டரோடு ஓடும். டப்பாவில் ஓட்டை போட்டுவிட்டாலோ கதை முடிந்தது. பம்ப் தள்ளும் ஆயில் முழுவதும் முதலில் ஃபில்டருக்குள்தான் வருகிறது. ஓட்டையான ஃபில்டரோடு இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் சம்ப்பில், அதாவது இன்ஜின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டியில், இருப்பதெல்லாம் தரைக்கு வந்துவிடும், பின்னாலேயே பேரிங்கும் போகும். அதனால் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்கிறவர் அன்றைக்கே அதைக் கழற்றி முடித்தாக வேண்டும், நடுவில் விட முடியாது. அதுவும் உங்களுடைய மாதிரி கை நுழையாத இடத்தில்.

சரி, இது ஏன் இவ்வளவு முரண்டு பிடிக்கிறது என்று பார்ப்போம். பலர் மரைதான் இறுகிவிட்டது என்று நினைக்கிறார்கள். மரை எப்போதும் ஆயிலிலேயே ஊறிக்கிடக்கிறது, அது எங்கே இறுகப் போகிறது? பிடித்துக்கொண்டிருப்பது ரப்பர் கேஸ்கெட், ஃபில்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே ஆயில் கசியாமல் அடைக்கும் வளையம். பல கார்களில் நடு மரை 20 மில்லிமீட்டர் விட்டம், கேஸ்கெட் வளையம் 60 மில்லிமீட்டருக்கு மேல். அதாவது கேஸ்கெட் மையத்திலிருந்து மரையைவிட மூன்று மடங்கு தள்ளி உட்கார்ந்திருக்கிறது. தள்ளி இருப்பதால் அதே பிடிப்புக்குத் திருப்ப வேண்டிய விசையும் மூன்று மடங்கு. மாட்டும்போது ரப்பரில் ஆயில் தடவாமல் காய்ந்தபடி முறுக்கியிருந்தால், சூட்டிலேயே வெந்து உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும். அந்த ஒட்டு ஒரே ஒரு முறை விட்டுக்கொடுத்தால் போதும். அதற்கப்புறம் கையாலேயே சுற்றி எடுத்துவிடலாம்.

ஆக, உங்களுக்குத் தேவை அந்த முதல் அசைவு மட்டும்தான். அதை எங்கே பிடித்து வாங்குகிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. டப்பாவின் வெளித்தகடு மெல்லியது. இன்ஜினை ஒட்டியிருக்கும் முனையில் மட்டும் உள்ளே ஒரு தடிமனான தகடு உண்டு, வெளித்தகட்டை அதோடு சேர்த்து மடித்திருப்பார்கள். எந்தக் கருவியானாலும் அந்த மடிப்புக்கு எவ்வளவு பக்கத்தில் பிடிக்கிறதோ அவ்வளவு நல்லது. நடுவிலோ குவிந்த முனையிலோ பிடித்தால் தகடு நசுங்கி முறுக்கிக்கொள்ளும், கேஸ்கெட் பக்கம் எதுவும் போய்ச் சேராது. உங்கள் டப்பா முனை நசுங்கத் தொடங்கியதும் இதனால்தான்.

சம்ப்புசாமி

அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் அண்ணே. ரென்ச்சை மாட்டி, அதன் வாலில் சுத்தியலால் தட்டிப் பாருங்கள்.

பழைய ராட்செட்

அம்மி நகரும், அலுமினியம் பிளந்துகொள்ளும். ஃபில்டர் உட்காரும் இடம் பெரும்பாலும் அலுமினிய வார்ப்பு சாமி, கொஞ்சம் பார்த்து.

நெம்புகோல்

ஒரு விஷயத்தில் எனக்கு மாற்றுக் கருத்து. வெட்டி வெட்டி இழுப்பதைவிட விட்டுப்பிடிக்காத அழுத்தம்தான் இங்கே வேலை செய்யும். ரப்பரை ஒரேயடியாக இழுத்தால் எதிர்த்து நிற்கும். அழுத்தத்தைக் கொடுத்தபடியே கொஞ்ச நேரம் வைத்திருந்தால் மெல்ல மெல்ல உரிந்து கொடுக்கும். நீளக் கைப்பிடியில் சீராக இழுத்து, நிறுத்தி, அப்படியே பிடித்துக்கொண்டிருங்கள். சுத்தியல் அடி மரை துருவேறிய இரும்பு போல்ட்டுக்கு நல்லது. இது அந்த வியாதி இல்லை.

அப்புறம் கேட்காமலே ஒன்று. கார் எதன்மேல் நிற்கிறது? ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுத்துக்கொண்டு ஃபில்டரோடு மல்லுக்கட்டுவது என்றால் தயவுசெய்து வெளியே வந்துவிடுங்கள். ஸ்டாண்டோ சாய்தளமோ கண்டிப்பாக வேண்டும். கீழே படுத்துப் பலம் போட்டு இழுக்கும்போது வண்டியே ஆடும்.

புதுச்சாவி

ஸ்டாண்டில்தான் நிற்கிறது, பின்சக்கரங்களுக்கு முட்டும் கொடுத்திருக்கிறேன். துரு நீக்கும் ஸ்பிரே ஒன்று இருக்கிறது, அதை அடித்து ஊற விடலாமா?

எண்ணெய்க்கை

வீண். அங்கே துருவே இல்லை. ஸ்பிரே போய்ச் சேரும் இடமெல்லாம் டப்பாவின் வெளிப்புறம்தான். ஏற்கெனவே வழுக்குகிறது, இன்னும் வழுக்கும். நேர்மாறாகச் செய்யுங்கள்: பிரேக் கிளீனரில் ஒரு துணியை நனைத்து டப்பாவைத் துடைத்து எண்ணெய்ப் பசையே இல்லாமல் காய வையுங்கள். கப் ரென்ச்சின் உள்பக்கத்தையும் அப்படியே. பாதிப் பேருக்கு இது ஒன்றிலேயே பிடி கிடைத்துவிடும். இன்ஜின் சூடாக இருக்கும்போது மட்டும் பிரேக் கிளீனர் பக்கம் போகாதீர்கள், அது தீப்பற்றும் சரக்கு.

10மிமீ_தொலைத்தவன்

கப் ரென்ச் சரியான அளவுதானா? வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். டப்பா முனையைச் சுற்றி இருக்கும் தட்டையான முகங்கள்தான் பட்டை; 65 மில்லிமீட்டர் 14 பட்டை, 74 மில்லிமீட்டர் 15 பட்டை என்று கப்பின் மேல் அடித்திருப்பார்கள். புது ஃபில்டர் கையில் இருக்கும் அல்லவா, பட்டைகளை எண்ணுங்கள், கப்பை அதன்மேல் போட்டுப் பாருங்கள். கையால் அழுத்தினால் சிக்கென்று உட்கார வேண்டும், ஆடக்கூடாது. பழையது வேறு கம்பெனி ஃபில்டராக இருந்தால் பட்டைக் கணக்கு மாறும், அதையும் பாருங்கள். இருட்டில் விரலால் தடவி எண்ணலாம்.

அளவு சரியாக இருந்தும் வழுக்கினால் உப்புத்தாள் போடுங்கள். 80ஆம் நம்பர் மாதிரி சொரசொரப்பானது. நீளமாக ஒரு துண்டு வெட்டி, சொரசொரப்பான பக்கம் டப்பாவைப் பார்க்கும்படி கப்புக்குள் சுற்றி வைத்து, ரப்பர் சுத்தியலால் தட்டி ஏற்றுங்கள். பட்டைகளுக்கு நடுவே தாள் கிழிந்து சிக்கிக்கொள்ளும், அந்தச் சிக்கல்தான் நமக்கு வேண்டியது.

கீழ்ப்படுக்கை

எல்லோரும் கருவியைப் பற்றியே பேசுகிறீர்கள். பின்பக்க ஃபில்டருக்கு வழி கீழேயும் இல்லை, மேலேயும் இல்லை. பக்கவாட்டில்!

முன்சக்கரத்தைக் கழற்றுங்கள். சக்கரக் குழிக்குள் ஒரு பிளாஸ்டிக் தடுப்பு இருக்கும், கிளிப்பிலும் சில ஸ்க்ரூவிலும் நிற்கும். பல கார்களில் அதில் ஒரு மடல் தனியாகவே திறக்கும். இல்லையென்றால் இரண்டு மூன்று கிளிப்பை விடுவித்து ஓரத்தை மடக்கி வைத்தால் போதும், முழுதாகக் கழற்ற வேண்டியதில்லை. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதாக ஒடித்து வைத்தால் இன்னும் இடம் கிடைக்கும். சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டுக்கு மேலே ஒரு சந்து தெரியும், அதற்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். ஃபில்டர் நேராக உங்களைப் பார்க்காது, ஆனால் கண்ணில் படும்.

அந்தச் சந்து வழியாகக் கப் ரென்ச், அதில் நீள எக்ஸ்டென்ஷன் கம்பி, தேவைப்பட்டால் நடுவில் எந்தப் பக்கமும் மடங்கும் ஒரு யுனிவர்சல் ஜாயின்ட். கைப்பிடி சக்கரக் குழிக்கு வெளியே வந்துவிடும், அங்கே ஆட்ட வேண்டிய மட்டும் இடம். ஒரு எச்சரிக்கை: யுனிவர்சல் ஜாயின்ட் அதிகம் மடங்கினால் கப்பை ஒரு பக்கமாகத் தள்ளி ஃபில்டரிலிருந்து கழற்றிவிடும். ஒரு கையால் எக்ஸ்டென்ஷனை ஃபில்டர் பக்கம் அழுத்திப் பிடித்துக்கொண்டே மறுகையால் திருப்புங்கள். ஜாயின்ட் இல்லாமலே நேராகப் போகிறது என்றால் அதைவிட வேறென்ன வேண்டும்.

ஸ்க்ரூராஜா

சக்கரத்தைக் கழற்றி, பிளாஸ்டிக்கைக் கழற்றி... நான் சொன்னது இரண்டு நிமிடம்.

கீழ்ப்படுக்கை

அவர் இடத்தில் ஸ்க்ரூ டிரைவரை அடித்து இறக்கச் சுத்தியல் வீச இடம் எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள், இரண்டு நிமிடத்தை ஒப்புக்கொள்கிறேன்.

ஸ்க்ரூராஜா

நியாயம்தான். ஆனால் இடம் இருக்கிறவர்களுக்கு அது நல்ல வழி, அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். நான் அடிப்பது நடுவில் இல்லை, இன்ஜின் பக்க மடிப்புக்கு அருகில். அங்கே தகடு எளிதில் கிழியாது. நடுக்குழாய்க்குள் இன்ஜினிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மரைக்காம்பில் பட்டுவிடாமல் ஓரமாக இறக்க வேண்டும், அவ்வளவுதான்.

மரைகழன்றவன்

திசையைப் பற்றி யாரும் பேசவில்லையே. பாதிப் பேர் ஃபில்டரை இன்னும் இறுக்கிக்கொண்டே "வர மாட்டேன் என்கிறது" என்று எழுதுகிறார்கள், புதுச்சாவியைச் சொல்லவில்லை, பொதுவாக.

குவிந்த முனை உங்களைப் பார்த்து இருந்தால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை. ஆனால் பின்பக்க ஃபில்டரில் கையைச் சுற்றி வளைத்து அந்தப் பக்கமாகப் பிடிக்கும்போது மூளை குழம்பிவிடும். மேலிருந்து எட்டி, இன்ஜின் பக்கத்திலிருந்து பார்த்தால் அதே கழற்றும் திசை கடிகாரச் சுற்றாகத் தெரியும். இதற்கு ஒரே வழி: புது ஃபில்டரைக் கையில் எடுத்து, பழையது எப்படிச் சாய்ந்திருக்கிறதோ அதே சாய்வில் வைத்துக் கழற்றுவது போலத் திருப்பிப் பாருங்கள். அந்தத் திசையில் டப்பாவில் மார்க்கரால் ஒரு அம்பு போடுங்கள். எட்டுமானால் பழைய டப்பாவிலும் அதே அம்பு.

புதுச்சாவி

அம்பு போட்டுவிட்டேன். திசை சரியாகத்தான் இருந்திருக்கிறது, நல்ல வேளை. நாளை காலை சக்கரத்தைக் கழற்றப் பார்க்கிறேன். இன்ஜினைச் சூடாக்கி விட்டுச் செய்யலாமா, குளிர்ந்தே இருக்கட்டுமா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

எண்ணெய்க்கை

சூடு. சூட்டில் ரப்பர் இளகும், ஆயிலும் நன்றாக வடியும்.

நெம்புகோல்

குளிர்ச்சி. எக்ஸாஸ்ட் பைப் பக்கத்திலேயே இருக்கிறது என்று எழுதியிருக்கிறார், படித்தீர்களா? முன்கை முழுதும் வெந்துபோகும். ஃபில்டர் சட்டென்று விட்டுக்கொடுத்தால் கை எங்கே போய் மோதும் என்று நினைக்கிறீர்கள்? தவிர சூடான ஆயில் கை வழியாக வழியும்.

எண்ணெய்க்கை

எரியும் சூட்டில் செய்யச் சொல்லவில்லையே. ஐந்து நிமிடம் ஓட விட்டு நிறுத்திவிட்டு, பைப்பைத் தொட முடிகிற அளவுக்கு ஆறிய பிறகு.

பழைய ராட்செட்

இரண்டு பேரும் கிட்டத்தட்ட ஒன்றைத்தான் சொல்கிறீர்கள். வெதுவெதுப்பு போதும். முழங்கை வரை மூடும் தடித்த கையுறையோ பழைய முழுக்கைச் சட்டையோ போட்டுக்கொள்ளுங்கள், எக்ஸாஸ்ட் மேல் ஒரு கனமான காய்ந்த துணியை மடித்துப் போடுங்கள். வேலை முடிந்ததும் துணியை மறக்காமல் எடுத்துவிட வேண்டும். எண்ணெய் நனைந்த துணி எக்ஸாஸ்ட் மேல் இருந்தால் தீப்பிடிக்கும்.

சூடு, குளிர் இரண்டையும் விட முக்கியமான ஒன்றைக் கேட்க விட்டுவிட்டேன். ஃபில்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் தட்டையான வட்டப் பெட்டி மாதிரி ஏதாவது இருக்கிறதா, அதில் இரண்டு ரப்பர் ஹோஸ் வந்து சேருகிறதா என்று பாருங்கள். இருந்தால் அது ஆயில் கூலர். ஹோஸில் ஓடுவது ரேடியேட்டர் தண்ணீர். ஃபில்டர் ரொம்ப இறுகியிருந்தால் கூலரும் அதோடு சேர்ந்து திரும்பப் பார்க்கும். ஹோஸ் முறுகிக் கிழிந்தால் கூலண்ட் கொட்டும். அப்படி இருந்தால் ஒருவர் கூலர் அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அசைந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

புதுச்சாவி

டார்ச் அடித்துப் பார்த்தேன், கூலர் எதுவும் இல்லை. நேராக பிளாக்கிலேயே மாட்டியிருக்கிறது.

சம்ப்புசாமி

எண்ணெய் வழிவதைப் பற்றி ஒன்று. அந்த மாதிரி சாய்ந்த ஃபில்டர் லூஸ் ஆனதும் ஆயில் டப்பாவின் வெளிப்புறமாக ஓடி, கீழே குறுக்கே போகும் சட்டமான கிராஸ் மெம்பரில் தேங்கி, பிறகு பல நாள் சொட்டும். கேஸ்கெட் ஒழுகுகிறது என்று நினைத்துத் தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். அலுமினியத் தாளை இரண்டு மடிப்பாக மடித்து, ஃபில்டருக்குக் கீழே ஒரு ஓடை மாதிரி வளைத்து, தட்டுக்குள் விழும்படி விட்டுவிடுங்கள். அல்லது ஃபில்டர் கால் சுற்று லூஸ் ஆனதுமே ரென்ச்சை எடுத்துவிட்டு, டப்பாவின் மேல் ஒரு தடித்த பிளாஸ்டிக் பையைக் கையுறை மாதிரிப் போர்த்திக்கொண்டு, பையோடு சேர்த்துக் கையால் கழற்றுங்கள். எண்ணெய் பைக்குள்ளேயே விழும், டப்பாவும் கை நழுவாது. இதற்கு மட்டும் என் பேச்சைக் கேளுங்கள்.

பழைய ராட்செட்

இது நல்ல யோசனை. கேட்டேன்.

மூக்கன்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்கும் இதே சிக்கல், ஆனால் இன்னும் மோசம். டப்பா முறுக்கிக் கிழிந்து கையோடு வந்துவிட்டது, உள்ளே இருந்த காகித மடிப்பும் வந்துவிட்டது. இன்ஜினில் தகடு மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. வட்டத் தகடு, நடுவில் மரை, சுற்றிலும் சிறு ஓட்டைகள். பிடிக்க எதுவுமே இல்லை.

பழைய ராட்செட்

மூக்கன், பயப்பட வேண்டாம், கொஞ்சம் பொறுமைதான் வேண்டும். அந்தச் சிறு ஓட்டைகள்தான் இப்போது உங்கள் பிடி. எதிரெதிர் இரண்டு ஓட்டைகளில் நீள மூக்குக் குறடின் இரு முனைகளையும் விட்டு, குறடின் தாடைக்கு நடுவே ஒரு ஸ்பேனரைக் கொடுத்துத் திருப்பிப் பாருங்கள். கேஸ்கெட் லேசாக ஒட்டியிருந்தால் இதற்கே வந்துவிடும். குறடு வளைகிறது என்றால் அதோடு நிறுத்திவிட்டு உளிக்குப் போங்கள்.

தகட்டின் வெளி விளிம்பில், டப்பா மடிந்த அந்த உதட்டில், மொட்டை உளியை விளிம்பை ஒட்டிச் சாய்வாக வைத்துச் சின்னச் சின்ன அடியாகக் கழற்றும் திசையில் தட்டுங்கள். கூரான உளி தகட்டை வெட்டிக்கொண்டு உள்ளே போய்விடும், அது வேண்டாம். ஒரே இடத்தில் தட்டிக்கொண்டிருக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக இடம் மாற்றுங்கள். தகடு ஒரு மயிரிழை திரும்பியதா என்று தெரிய, விளிம்பிலிருந்து பிளாக் வரை மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள், கோடு விலகினால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். முழுக் கவனமும் உளியின் சாய்வில் இருக்கட்டும். அது பிளாக் பக்கம் சாய்ந்தால் கேஸ்கெட் உட்காரும் முகத்தில் கீறல் விழும், அதன்பிறகு எத்தனை புது ஃபில்டர் போட்டாலும் அந்தக் கீறல் வழியே கசியும்.

சுத்தியலை எடுப்பதற்கு முன் நடு மரைக்காம்புக்கு மேல் ஒரு துணியைச் சுருட்டி அடைத்து வையுங்கள். அந்தக் குழாய் நேராக இன்ஜினுக்குள் போகிறது, இரும்புத் தூள் உள்ளே போகக்கூடாது.

நெம்புகோல்

தகடு திரும்பும்போது மரைக்காம்பும் சேர்ந்து இன்ஜினிலிருந்து கழன்று வரலாம். வந்தால் பதற வேண்டாம், அது தனியாகக் கழற்றி மாட்டக்கூடிய பாகம்தான். தகட்டிலிருந்து அதைப் பிரித்து, இரு பக்க மரையையும் துடைத்துப் பார்த்து, உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகம் சொல்லும் அளவுக்குத் திரும்ப முறுக்கி வையுங்கள். மரை அடிபட்டிருந்தால் புதிது வாங்குவதுதான் சரி. அடிபட்ட காம்பில் புது ஃபில்டர் நேராக உட்காராது.

மூக்கன்

உளி வழியில் வந்துவிட்டது! கோடு விலகியதைப் பார்த்தபோதுதான் மூச்சே வந்தது. காம்பு இன்ஜினிலேயே நிற்கிறது, முகத்தில் கீறல் இல்லை. நன்றி.

புதுச்சாவி

எனக்கும் வந்துவிட்டது. சக்கரக் குழி வழிதான். மடல் தனியாக இல்லை, ஓரத்துக் கிளிப்புகளை விடுவித்து மடக்கினேன். சந்து வழியாக எக்ஸ்டென்ஷன் கிட்டத்தட்ட நேராகவே போனது, ஜாயின்ட் தேவைப்படவில்லை. துடைத்துக் காய வைத்த டப்பா, கப்புக்குள் உப்புத்தாள். நெம்புகோல் சொன்னபடி இழுத்து அப்படியே பிடித்துக்கொண்டு இருந்தேன். முதலில் எதுவுமே நடக்கவில்லை, கைப்பிடிதான் வளைவது போல இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து ரப்பர் உரியும் ஒரு சத்தம், 'க்ரீச்' என்று, சின்னதாகத்தான். அதற்கப்புறம் விரலாலேயே சுற்றியது. பிளாஸ்டிக் பை யோசனைக்குத் தனி நன்றி.

ஆனால் கழற்றிய ஃபில்டரில் கேஸ்கெட்டையே காணோம். பள்ளம் காலியாக இருக்கிறது.

பழைய ராட்செட்

இன்ஜினில் ஒட்டிக்கொண்டு இருக்கும். கண்ணாடி வைத்தாவது பாருங்கள், விரலாலும் தடவுங்கள். கறுப்பாக, தட்டையாக, இன்ஜினின் ஒரு பகுதி மாதிரியே இருக்கும், அதனால்தான் பலர் கண்ணில் படாமல் போகிறது. அதை எடுக்காமல் புதிதை மாட்டினால் ரப்பர் மேல் ரப்பர். கொஞ்ச தூரம் ஓடும், பிறகு ஆயில் அழுத்தத்தில் ஒன்று நழுவி வெளியே தள்ளப்படும், நிமிடக் கணக்கில் சம்ப் காலி. பிளாஸ்டிக் கரண்டியாலோ நகத்தாலோ உரித்து எடுங்கள். இரும்புச் சுரண்டி வேண்டாம்.

புதுச்சாவி

இருந்தது! முழு வளையமாக உரிந்து வந்தது. முகத்தைத் துடைத்து இரண்டு முறை தடவிப் பார்த்துவிட்டேன். இனி மாட்டுவது எப்படி? அடுத்த முறை இந்தக் கூத்து வேண்டாம்.

10மிமீ_தொலைத்தவன்

புது கேஸ்கெட்டில் புது ஆயிலை விரலால் மெல்லியதாகப் பூசுங்கள், ஒரு இடம் விடாமல். கையால் சுற்றி ஏற்றுங்கள். மரை முதல் சுற்றிலேயே வழவழப்பாகப் போக வேண்டும், சிக்கினால் எடுத்துவிட்டுத் திரும்ப ஆரம்பிக்க வேண்டும். கேஸ்கெட் பிளாக்கைத் தொட்டது கையில் தெரியும். அங்கிருந்து முக்கால் சுற்று. சில ஃபில்டருக்கு ஒரு சுற்று வரை சொல்வார்கள், டப்பாவிலேயே எழுதியிருக்கும். பல டப்பாக்களில் சுற்றிலும் 1, 2, 3, 4 என்று எண்கள் அச்சடித்திருப்பார்கள், வெறும் அலங்காரம் இல்லை அது. கேஸ்கெட் தொட்டபோது உங்களுக்கு நேராக 1 இருந்தால், 2, 3 தாண்டி 4 வந்து நிற்கும்வரை திருப்பினால் அதுதான் முக்கால் சுற்று.

எண்ணெய்க்கை

எழுத்துப்படி முக்கால் சுற்று சரி. ஆனால் அந்த இடத்தில் ஒரு கையால் பிடித்துத் திருப்பினால் முக்கால் சுற்று வராது, அரை சுற்றிலேயே கை சோர்ந்துவிடும். இதற்காகத்தான் நிறையப் பேர் ரென்ச்சைப் போடுகிறார்கள், போட்டால் அளவு தெரியாமல் முறுக்கிவிடுகிறார்கள்.

பழைய ராட்செட்

எட்டாத இடத்தில் கப் ரென்ச்சைப் போட்டு இறுக்குவதில் தவறே இல்லை. அளவை எண்ணித் திருப்ப வேண்டும், அவ்வளவே. எவ்வளவு முறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரென்ச் இருந்தால் இன்னும் நல்லது. சர்வீஸ் புத்தகத்தில் உங்கள் இன்ஜினுக்கு எண் இருக்கும். திருகு வகை டப்பாக்களில் பலவற்றுக்கு 15 முதல் 20 நியூட்டன் மீட்டர் வாக்கில்தான் கேட்பார்கள். சக்கர நட்டுக்கு 100ஐ ஒட்டி முறுக்குகிற கையை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு லேசு என்று புரியும்.

மாட்டிய பிறகு ஆயிலை ஊற்றி, ஸ்டார்ட் செய்து, ஆயில் விளக்கு சில நொடியில் அணைகிறதா பாருங்கள். அணையாவிட்டால் உடனே நிறுத்துங்கள். அணைந்தால் ஐடிலில் விட்டுவிட்டு டார்ச்சோடு ஃபில்டரைச் சுற்றிப் பாருங்கள். ஆக்சிலரேட்டரை மிதிக்க வேண்டாம். நிறுத்திச் சில நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைப் பாருங்கள், புது ஃபில்டர் கொஞ்சம் ஆயிலை உள்ளே வாங்கியிருக்கும், அளவு குறைந்திருந்தால் ஊற்றிச் சரி செய்யுங்கள்.

சம்ப்புசாமி

மாட்டும் முன் ஃபில்டருக்குள் ஆயில் நிரப்பலாமா கூடாதா என்ற சண்டையை இங்கே தொடங்கட்டுமா?

பழைய ராட்செட்

வேண்டவே வேண்டாம். அவருடையது படுத்த நிலையில் இருக்கிறது, நிரப்பினால் எல்லாம் முகத்தில் கொட்டும்.

புதுச்சாவி

ஓட்டிப் பார்த்தாயிற்று, ஒரு சொட்டும் இல்லை. பழைய ஃபில்டரை என்ன செய்வது?

சம்ப்புசாமி

கவிழ்த்து ஒரு இரவு முழுக்க வடிய விடுங்கள், உள்ளே நம்ப முடியாத அளவு ஆயில் நிற்கும். வடிந்ததைப் பழைய ஆயிலோடு மூடிய டப்பாவில் ஊற்றி, பழைய ஆயில் வாங்கிக்கொள்ளும் இடத்தில் ஃபில்டரோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். மண்ணிலும் சாக்கடையிலும் ஊற்றக்கூடாது.

அரைத்திருப்பு

இழையை முழுதாகப் படித்தேன். என்னுடையது டப்பா இல்லை, பிளாஸ்டிக் மூடிக்குள் காகித ஃபில்டரை மாற்றும் வகை. மேலேயே இருக்கிறது, எட்டுகிறது, ஆனால் மூடி அசையவில்லை. நீளக் கைப்பிடி போட்டு இழுக்கலாமா?

நெம்புகோல்

மூடியின் மேல் 25 நியூட்டன் மீட்டர் என்று அச்சடித்திருக்கிறதா பாருங்கள், பல வண்டிகளில் இருக்கும். அதைவிடப் பல மடங்கு முறுக்கியிருந்தால் இப்படி அசையாமல் நிற்கும். இங்கே சூடு உதவும், இன்ஜினைக் கொஞ்சம் ஓட விட்டு வெதுவெதுப்பில் திறங்கள். மூடியின் தலையில் அறுகோணம் இருந்தால் ஆறு பட்டை சாக்கெட்தான் போட வேண்டும், பன்னிரண்டு பட்டை முனைகளை மழுக்கிவிடும். பட்டை போட்ட மூடி என்றால் சரியான கப், அதுவும் முழுதாகக் கீழே வரை இறங்கியிருக்க வேண்டும், பாதியில் நின்றால் மூடி வெடிக்கும். நீளக் கைப்பிடி பரவாயில்லை, ஆனால் நேராக இழுங்கள், மூடியைப் பக்கவாட்டில் சாய்க்காதீர்கள்.

கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: சில மூடிகளின் நடுவே சின்னதாக ஒரு வடிகால் பிளக் இருக்கும். இருந்தால் முதலில் அதைத் திறந்து ஆயிலை வடித்துவிடுங்கள்.

அரைத்திருப்பு

25 என்றுதான் அச்சடித்திருக்கிறது. வெதுவெதுப்பில் வந்துவிட்டது. உள்ளே பழைய ஓ-ரிங், கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம், காய்ந்து விறைத்து மூடியோடு ஒட்டியிருக்கிறது, புது ஃபில்டர் பெட்டியில் இரண்டு ஓ-ரிங் தந்திருக்கிறார்கள். இரண்டும் போடுவதா?

பழைய ராட்செட்

பெரியது மூடியின் பள்ளத்துக்கு. மரைக்கு மேல் இருக்கும் வழவழப்பான பள்ளம், மரையிலேயே போட்டுவிடாதீர்கள். சின்னது பெரும்பாலும் அந்த வடிகால் பிளக்குக்கு, உங்களுடையதில் பிளக் இல்லையென்றால் அது மிச்சம். பழையதை எந்தப் பள்ளத்திலிருந்து எடுத்தீர்கள் என்று போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, புதியதை ஆயில் தடவி அதே பள்ளத்தில் போடுங்கள்.